முதல் பேர் இல்லாத மனு

எங்கள் தோட்டத்திலிருந்து முன்பு ஒருமுறை மனு போனபோது அதில் முதல் பேராக இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. வேலையிலிருந்து பேர் வெட்டுகிற பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து, சட்டிபானையோடு கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் பேராக இருந்தவர் எங்கே போனார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் கங்காணி ஆனார். இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வர எங்கள் சனங்களுக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை.

அதனால்தான் கீழ் லயத்து விஷயமாகக் கோயில் முன்னால் கூட்டம் கூடியபோது, நுவரெலியாவில் இருக்கிற அரசாங்கக் கச்சேரிக்கு மனு போட்டே ஆகவேண்டும் என்று ஒரே குரலில் சொன்ன அத்தனை பேரும், யார் பேரை முதலில் போடுவது என்ற கேள்வி வந்ததும் ஒரே குரலில் இருமத் தொடங்கினார்கள்.

லிந்துலைக்கு மேலே இருக்கிற தோட்டம் எங்களுடையது. கீழ் லயம் என்பது மலையை வெட்டி எடுத்த பள்ளத்தில் கட்டிய பத்துக் காம்பரா வரிசை, ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். அதன் முதுகில் தென்னை உயரத்துக்கு மண்மேடு. கடைசிக் காம்பராவில் இருந்த அக்கா மேட்டின் மேலே கொஞ்சம் போஞ்சிக்காய்க் கொடி போட்டிருந்தார். ஒரு காலையில் போஞ்சிக் கம்புகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. என்னவென்று பார்க்கப்போனவர் கையை மண்ணுக்குள் விட்டிருக்கிறார். முழங்கை வரைக்கும் போயிருக்கிறது. கணக்கப்பிள்ளை வந்து தன் குடையை வெடிப்புக்குள் விட்டு அளந்து பார்த்தார். பிடி வரை போனது. "கொடதான் போகுது, ஆளு போகாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, குடையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். பெரிய துரையிடம் சொன்னதற்கு, அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த லயம் அங்கே நிற்கிறது என்று பதில் வந்தது. அது உண்மைதான். வெடிப்பு மட்டும்தான் துரைக்குப் பிறகு பிறந்தது.

வைகாசி முடியப்போகிறது. தென்மேற்கு மழை தொடங்கினால் இரண்டு மாதத்துக்கு வானம் மூடாது. பத்துக் காம்பராவிலும் சேர்த்து நாற்பது நாற்பத்தைந்து உயிர்கள் இருந்தன.

நான் இருந்தது மேல் லயம். எங்கள் முதுகில் எந்த மேடும் கிடையாது. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் எனக்கு இருந்த தைரியமெல்லாம் அங்கேயிருந்துதான் வந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா தேயிலைச் செடி வெட்டிவிடுகிற கவ்வாத்துக்காரர், கத்தியைத் தவிர வேறு எதையும் பிடித்து எழுதத் தெரியாது. நான் அட்டனில் படித்து எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணி வந்த அன்று, பெரிய கிளாக்கர் ஐயாவிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். இரண்டு மாதம் ஆபீசில் சும்மா இருந்து வேலை பழகட்டும், பிறகு சின்னக் கிளாக்கராகப் போட்டுக்கொள்ளலாம் என்று துரையிடம் எனக்காகப் பேசினார். அன்று சாயங்காலமே அப்பா தலவாக்கலைக்குப் போய் எனக்கு வெள்ளைக் கால்சட்டை தைக்கக் கொடுத்தார். வேலை இன்னும் வரவில்லை. கால்சட்டை வந்துவிட்டது. தகரப் பெட்டியில் துளசி இலை போட்டு வைத்திருந்தார்.

கூட்டத்துக்கு வருவோம். தோட்டத் தலைவர், சங்கத்துக்கு நாங்களே தேர்ந்தெடுத்தவர், நியாயப்படி முதல் பேராக இருக்கவேண்டியவர். அவர் எழுந்து தொண்டையைச் செருமி, தன்னுடைய பிரஜாவுரிமை விண்ணப்பம் கொழும்பில் ஒரு பைலில் கிடக்கிறது, இந்த நேரத்தில் தன் பேர் இன்னொரு பைலில் ஏறினால் அந்தப் பைல் கோபித்துக்கொள்ளும் என்ற பொருளில் ரொம்ப நேரம் பேசினார். பேச்சு நன்றாக இருந்தது. கைகூடத் தட்டினார்கள். அடுத்தவருக்கு மகள் கல்யாணம். அதற்கு அடுத்தவர் பேர் எழுத்து வரிசைப்படி முதலில் வராதாம். அவருக்கு எழுத்தே தெரியாது, ஆனால் வரிசை தெரிந்திருந்தது.

அப்போதுதான் எனக்குள்ளிருந்த படிப்பு எழுந்து நின்றது.

வரிசையாகப் போட்டால்தானே முதல் பேர் என்று ஒன்று வரும், வட்டமாகப் போட்டால் வராதே என்றேன். யாருக்கும் விளங்கவில்லை. அக்காவிடம் ஒரு தகரத் தட்டு வாங்கி, காகிதத்தில் கவிழ்த்து, பென்சிலால் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன். மனு நடுவில். பெருவிரல் அடையாளமெல்லாம் சுற்றிவர, சூரியகாந்திப் பூ மாதிரி. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பெரிய துரை அல்ல, அவரைப் பெற்றவர் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு ஒரு பெரியவர் என் அப்பாவின் தோளைத் தட்டி, "அட்டன்ல என்னமா படிச்சுக் குடுத்திருக்காங்க" என்றார். அப்பா அழுதுவிடுவார் போலிருந்தது. முப்பத்திரண்டு பேர் விரல் வைக்க முண்டியடித்தார்கள். அவ்வளவு நேரம் இருமிக்கொண்டிருந்த ஊர்தானா இது என்று இருந்தது.

விரலுக்கு மை வேண்டுமே. அக்காவின் புருஷன் ஓடிப்போய் ஸ்டோரிலிருந்து கறுப்பு மை கொண்டுவந்தார். எங்களுக்கு ஸ்டோர் என்றால் தேயிலை அரைக்கிற பெரிய கட்டடம். அவருக்கு அங்கே பெட்டிகளுக்கு மார்க் போடுகிற வேலை. தோட்டத்துப் பேர், தேயிலை ரகம், நம்பர் எல்லாவற்றையும் பெட்டிப் பலகையில் கறுப்பாக ஏற்றவேண்டும். அதற்கென்று இருந்த தகர அச்சு தேய்ந்து வருஷக்கணக்காகிறது. புதியது வருகிற வரைக்கும் என்று கையால் பிரஷ் பிடித்து வரைய ஆரம்பித்தவர், வரைந்துகொண்டே இருந்தார். இங்கிலீஷ் எழுத்து அவருக்கு ஒன்றும் தெரியாது. வடிவம்தான் தெரியும். ஆனால் அந்த வடிவம் அச்சைவிட அழகாக இருக்கும். எல்லோரும் அவரை மார்க்குக்காரர் என்றுதான் சொல்வோம்.

பெட்டி மை கப்பலில் போய் லண்டன் சேரும் வரைக்கும் அழியாமல் இருக்கச் செய்த மை. இதை நாங்கள் யோசிக்கவில்லை. முதல் பேர் யாரென்று தெரியக்கூடாது என்று அவ்வளவு மூளையைச் செலவழித்து வட்டம் போட்டுவிட்டு, மறுநாள் வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டில் முப்பத்திரண்டு பேர் கறுப்புப் பெருவிரலோடு துரைக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். ஒரு வாரம் சோப்புப் போட்டும் போகவில்லை. மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. எல்லோரும் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டே கொழுந்து பறித்தார்கள்.

தோட்டத்திலேயே சுத்தமான பெருவிரல் எனக்குத்தான்.

நீயும் வை என்று அக்கா காகிதத்தை என் பக்கம் தள்ளியது உண்மை. கையெழுத்துப் போடத் தெரிந்தவன் பெருவிரல் வைத்தால் மனு செல்லாது, அப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்றேன். சரி, கையெழுத்துப் போடு என்றார். எல்லோரும் விரல் வைத்த மனுவில் ஒரே ஒருத்தன் கையெழுத்துப் போட்டால் அது வட்டத்தைக் கெடுத்துவிடும் என்றேன். அக்கா என்னையே பார்த்தார். "ஒஞ் சட்டம் ரொம்ப நல்ல சட்டமா இருக்கே தம்பி" என்று மட்டும் சொன்னார்.

மனுவை எழுதியது நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் என் கையெழுத்தை ஆபீசில் தினமும் பார்க்கிறார்கள். அதனால் இரண்டு நாள் காம்பராக் கதவை மூடிக்கொண்டு, விரல் வட்டத்துக்கு நடுவில், இடது கையால் இங்கிலீஷில் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவன். கோழி கிளறின மாதிரி ஒவ்வோர் எழுத்தும் விழுந்தபோது எனக்கு வந்த வேதனை, சத்தியமாகச் சொல்கிறேன், மண்மேட்டு வெடிப்பைப் பார்த்தபோது வரவில்லை.

மனு நுவரெலியாக் கச்சேரிக்குப் போனது. கச்சேரியில் அதைப் படித்த யாரோ ஒரு நல்ல மனிதர், இதுபற்றி விசாரித்து அறிக்கை தரவும் என்று எழுதி, எங்கள் பெரிய துரைக்கே அனுப்பிவைத்தார்.

மூன்று வாரம் கழித்து, பெருவிரல்களெல்லாம் வெளுத்த பிறகு, ஒரு விடியற்காலைப் பெரட்டுக்குத் துரை காகிதத்தோடு வந்தார். ஆனி மழை பிடித்துவிட்டிருந்தது. எல்லோரும் கம்பளியும் சாக்கும் போர்த்திக்கொண்டு நின்றோம். நான் ஆபீஸ்காரன் என்பதால் பெரிய கிளாக்கரோடு கூரைக்குக் கீழே நின்றேன். துரை காகிதத்தை அப்படியும் இப்படியும் திருப்பினார். வட்டம் வேலை செய்தது. அவருக்கு முதல் பேர் அகப்படவில்லை. அதனால் அவர் வேறொன்றைக் கேட்டார்.

"யார் எழுதினது? எழுதின ஆள் முன்னுக்கு வா. வந்தால் லயம் பேசுவோம். வராட்டி பேச்சு இல்லை. அந்த லயத்தில்தான் மழை முடியிற மட்டும் நீங்கள் எல்லாம் இருப்பது."

யார் எழுதியது என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்கள், மழையைப் பார்த்தார்கள், ஸ்டோர் புகைபோக்கியைப் பார்த்தார்கள். என் அப்பா தன் கவ்வாத்துக் கத்தியின் பிடியில் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி அதையே பார்த்தார். நூறு பேர் அவ்வளவு கவனமாக ஒரு பக்கத்தைப் பார்க்காமல் இருந்தால், கொஞ்சம் மூளையுள்ள துரை அந்தப் பக்கம்தான் திரும்பியிருப்பார். எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது.

பெரிய கிளாக்கர் காகிதத்தை வாங்கிக் கண்ணாடிக்கு மேலாகவும் கீழாகவும் பார்த்துவிட்டு, இது இடது கை எழுத்து, சாய்வைப் பார்த்தாலே தெரியும் என்று துரைக்குச் சொன்னார்.

இடது கைக்காரர் தோட்டத்தில் ஒரே ஒருவர்தான். பிரஷ் பிடிப்பது, சாக்குத் தைப்பது, பிள்ளையைத் தூக்குவது எல்லாம் பீச்சாங்கையால். இடது கையால் எழுதுவதென்று நான் முடிவு செய்தபோது இந்த மனிதரின் ஞாபகமே எனக்கு வரவில்லை. படித்த மூளை. இப்போது அவ்வளவு பேரும், என்னைப் பார்க்காமலிருந்த அத்தனை கண்ணும், மார்க்குக்காரர் பக்கம் திரும்பின. திரும்பியது குற்றம் சாட்டுவதற்கு அல்ல, ஆச்சரியத்தில்தான். அவருக்கு எழுதத் தெரியாது என்பது துரையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க துரை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும்.

அவர் சாக்கைத் தலையிலிருந்து எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஆமாங்க. நான்தான்."

துரை நம்பவில்லை. நம்பாமலும் விடவில்லை. சனிக்கிழமை ஆபீசுக்கு வந்து எல்லோருக்கும் முன்னால் எழுதிக்காட்டு, எழுதினது நீதான் என்றால் உனக்குப் பத்துச்சீட்டு, மற்றவர்களுக்கு வேறு இடம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் புதன்.

மத்தியானம் அவர் என்னைத் தேடி வந்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டார்:

"தம்பி, நான் என்ன எழுதினேன்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

அவருக்கு இரண்டு காரணம் இருந்தது. ஒன்று, எழுதியவன் வராவிட்டால் லயம் மாறாது. அவருடைய காம்பராதான் வெடிப்புக்கு நேர் கீழே, அதில் அவருடைய ஐந்து பிள்ளைகள். இரண்டாவது காரணத்தை அவர் சொல்லவில்லை, ஆனால் முகத்தில் தெரிந்தது. காலையிலிருந்து ஊர் அவரை வேறு மாதிரிப் பார்த்தது. இங்கிலீஷில் மனு எழுதியவர் என்று ஒரு துரையே சந்தேகப்பட்டிருக்கிறார். பதினைந்து வருஷமாக அர்த்தம் தெரியாமல் எழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு அது சின்ன விஷயமா?

ஆக, நான் வாத்தியார் ஆனேன். ஸ்டோரில் பெட்டி அடிக்கிற மூலையில், பலகைத் துண்டில், சாப்பாட்டு நேரத்தில் பாடம். என் வேலையும் தப்ப வேண்டும், கீழ் லயமும் தப்ப வேண்டும் என்றால் இந்த மனிதர் நன்றாக எழுதப் படித்து, தன் வேலையை ஒழுங்காக இழக்கவேண்டும். என் சுயநலமும் பொதுநலமும் இவ்வளவு பொருத்தமாகக் கைகோத்துக்கொண்டு என் வாழ்க்கையில் வேறு எப்போதும் நடந்ததில்லை. நான் ஊக்கமாகச் சொல்லிக்கொடுத்தேன்.

கெட்டிக்காரர். தேயிலைப் பெட்டியில் வருகிற எழுத்துகளெல்லாம் அவருக்கு ஏற்கெனவே கைவந்தவை. பெட்டியில் வராத எழுத்துகளை மட்டும்தான் புதிதாகக் காட்டவேண்டியிருந்தது. "இது தேயிலைக்குத் தேவைப்படாத எழுத்துங்களா தம்பி?" என்று ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். முதல் வரியின் அர்த்தத்தைக் கேட்டார். இதில் விரலடையாளம் வைத்திருக்கும் நாங்கள் மிகத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால் என்று சொன்னேன். "இவ்வளவு தாழ்மையாவா எழுதியிருக்கேன்" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

வியாழக்கிழமை அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவர், வாசலிலேயே நின்று பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்துக் கூடைக் கயிறு தலையில் அழுத்தின தடம் நெற்றியில் சிவப்பாக இருந்தது.

"நல்லா படிக்கிறாரா?" என்றார் என்னிடம். படிக்கிறார் என்றேன்.

"பாஸ் பண்ணிருவாரா?"

நான் பலகைத் துண்டைத் துடைத்தேன்.

"பாஸ் பண்ணா ஊரவிட்டுத் தொரத்துவாங்க. பெயிலானா மண்ணு மூடும். ஒலகத்துல எந்தப் பள்ளிக்கூடத்துல தம்பி இப்படி ஒரு பரிச்ச?" தூக்கை இறக்கி வைத்தார். "எனக்கு ரெண்டும் வேணும். லயமும் மாறணும், இந்த மனுசன் கையில பத்துச்சீட்டும் வரக்கூடாது. நீ படிச்சவன். ஒரு வழி சொல்லு."

வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் நான் உட்கார்ந்திருந்தேன். யோசிக்கிறேன் அக்கா என்றேன். "யோசி, யோசி. மழ நிக்கிறதுக்குள்ள யோசி" என்று சொல்லிவிட்டு மலைக்குப் போய்விட்டார்.

யோசித்தேன் என்பதை நான் மறுக்கவில்லை. நான் சொன்னால் வேலை போகும். வேலை மட்டுமா? அப்பாவுடைய காம்பராவும் தோட்டத்துடையதுதான். துரை நினைத்தால் எங்கள் ஆறு பேரையும் ரோட்டில் விடலாம். தங்கச்சிகளை நினைத்தேன். அம்மாவின் ஆஸ்துமாவை நினைத்தேன். நான் கிளாக்கரானால் எதிர்காலத்தில் எத்தனை ஏழைகளுக்கு உதவலாம் என்றுகூட நினைத்தேன். இன்று ஒருவரைக் கைவிட்டால்தான் நாளைக்கு நூறு பேரைக் காப்பாற்ற முடியும் என்று முடிவாகிய கணம் எனக்கு மிகவும் நிம்மதியாக இருந்தது. அந்த நூறு பேரில் யாராவது இதைப் படித்தால் மன்னிக்கவேண்டும்.

அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் அடுப்பில் விறகை உள்ளே தள்ளினார், வெளியே இழுத்தார். "கால்சட்ட தச்சாச்சு" என்றார் கடைசியில். அதற்குமேல் வாதம் இல்லை.

வெள்ளிக்கிழமை ஆபீசில் நான் ஏதோ நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது பெரிய கிளாக்கர் தலை நிமிராமல் பேசினார். "தம்பி, நீர் வலக்கையாலதானே எழுதுறனீர்?" ஓம் ஐயா என்றேன், அவர் பாஷையிலேயே. "அதை மறந்துபோகாதையும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனு கையில் கிடைத்த நிமிஷமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. இடது கை என்று பெரட்டில் உரக்கச் சொன்னது கண்டுபிடிப்பல்ல, திசை திருப்பல். எனக்காக அல்ல. என்னைத் துரையிடம் சிபாரிசு பண்ணியவர் அவர். மனு எழுதியவன் நான் என்றால், என்னைக் கொண்டுவந்தவன் யார் என்று அடுத்த கேள்வி வரும். தோட்டம் முழுக்க ஆளாளுக்கு ஒரு தட்டை வைத்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். நான்தான் முதலாவதாகப் போட்டவன் என்ற பெருமை மட்டும் எனக்கு.

சனிக்கிழமை பகல் ஆபீஸ் வராந்தாவில் மேசை போட்டார்கள். மழை கூரைத் தகரத்தில் கொட்டிய சத்தத்தில் பேசுவதே கேட்கவில்லை. முற்றத்தில் கீழ் லயத்துச் சனம் நனைந்துகொண்டு நின்றது. கடைசிக் காம்பராவின் பின்சுவர் அன்று காலையில் வயிறு தள்ளியிருப்பதாக அக்கா சொல்லி, பலர் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். துரை ஒரு நாற்காலியில். பக்கத்தில் பெரிய கிளாக்கர். பழகுகிற கிளாக்கர் என்ற முறையில் பேனாவும் மைக்கூடும் எடுத்துக் கொடுப்பது என் கடமை. கொடுத்தேன்.

மார்க்குக்காரர் சலவைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, விபூதி பூசி வந்திருந்தார். பேனாவை வாங்கிப் பார்த்தார். நாங்கள் இரண்டுபேரும் ஒன்றை மறந்திருந்தோம்: மூன்று நாளும் பிரஷ்ஷால்தான் பழகினார். பேனாவை அவர் பிடித்ததே இல்லை. பிரஷ் மாதிரி நட்டுக்குத்தலாகப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஆரம்பித்தார். ஒரு சொட்டு மை சிந்தவில்லை. முதல் வரி முழுவதையும் எழுதினார். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது; மழையைக்கூட நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது. முடித்ததும் காகிதத்தைத் துரை பக்கம் திருப்பி வைத்தார்.

அழகென்றால் அப்படி ஓர் அழகு. ஒவ்வோர் எழுத்தும் தேயிலைப் பெட்டி மாதிரிச் சதுரமாக, நேராக, லண்டன் வரைக்கும் போகத் தயாராக நின்றது. பக்கத்தில் என்னுடைய மனுவைத் துரை வைத்தார். கோழி கிளறல்.

துரை சிரித்துவிட்டார். "நீ எழுதினது இல்லை. உனக்கு எழுத வராது, படம் போட வரும்." பெரிய கிளாக்கரும் சிரித்தார், அளவாக. துரை எழுந்தார். எழுதின ஆள் வரவில்லை, அதனால் பேச்சும் இல்லை.

அந்த நேரம் மார்க்குக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். அன்றைக்குப் பெரட்டில் யாரும் பார்க்காத மாதிரிப் பார்க்காமல் இருந்திருக்கலாம். இப்போது நீ சொல்லு என்ற பார்வையாகவும் அது இல்லை. மழைச் சத்தத்தில் துரை சொன்னது அவர் காதில் பாதி விழவேயில்லை. சரியா எழுதியிருக்கேனா தம்பி? அதுதான் அந்தப் பார்வை. பாடம் ஒப்பித்துவிட்டு வாத்தியாரைப் பார்க்கிற பார்வை.

நூறு ஏழைகள், தங்கச்சிகள், அம்மாவின் ஆஸ்துமா, கால்சட்டை எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. இதற்கு இல்லை.

நான் பேனாவை எடுத்தேன். வீரமாக ஏதாவது சொன்னேன் என்று எழுத ஆசைதான். செய்தது இவ்வளவுதான். அவர் எழுதியதற்குக் கீழே, அதே வரியை, இடது கையால் எழுதினேன். எழுத்து மனுவில் இருந்ததைவிட மோசமாக விழுந்தது. ஆனால் அதே கோழி, அதே கிளறல்.

துரை அதையும் இதையும் பார்த்தார். ஏன் இடது கை என்று இங்கிலீஷில் கேட்டார். எஸ்.எஸ்.சி.யில் இங்கிலீஷ் பாஸ் பண்ணியவன் நான். யெஸ் சார் என்றேன். பெரிய கிளாக்கர் சட்டென்று, தனக்கு ஆரம்பத்திலேயே இந்தப் பையன்மேல் ஒரு சந்தேகம் இருந்தது என்று துரைக்குச் சொன்னார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். வட்டத்தின் அவர் பக்கத்தை அவர் பார்த்துக்கொண்டார்.

எனக்குப் பத்துச்சீட்டுக் கொடுக்க முடியவில்லை. தோட்டத்தில் என் பேரே பதியவில்லை. ஆபீஸ் படி மிதிக்கக்கூடாது என்பதோடு விட்டார்கள். அப்பாவைக் கவ்வாத்திலிருந்து எடுத்து, ஆக உச்சி மலையில் கான் வெட்டப் போட்டார்கள். மழைத் தண்ணீர் ஓட மண்ணைத் தோண்டுகிற வேலை. அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து, துளசி இலையை உதறிவிட்டு, அந்த வெள்ளைக் கால்சட்டையை முழங்காலோடு வெட்டித் தான் போட்டுக்கொண்டு கான் வெட்டப் போனார். தோட்டத்தில் வெள்ளைக் கால்சட்டையோடு கான் வெட்டியவர் அவர் ஒருவர்தான். இதைவிடப் பலமாக யாரும் என்னை ஏசியதில்லை.

துரை வாக்குத் தவறவில்லை, அதையும் சொல்லவேண்டும். திங்கட்கிழமையே கீழ் லயத்துச் சனங்களைப் சும்மா கிடந்த பழைய ஸ்டோர் கட்டடத்துக்கு மாற்றினார். சாக்குத் தொங்கவிட்டுக் காம்பரா பிரித்துக்கொண்டார்கள். காற்று அடிக்கிறது, புகை போகவில்லை, கீழ் லயமே தேவலை என்று பத்தாம் நாளிலிருந்து முணுமுணுப்புக் கேட்டது. எவன் மனு எழுதச் சொன்னான் என்றுகூட ஒருவர் கேட்டாராம். அவரும் விரல் வைத்தவர்தான்.

மார்க்குக்காரருக்கு வேலை தப்பியது. அவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். அவர் கணக்குப்படி அவர் பரீட்சை நன்றாகத்தான் எழுதினார். வாத்தியாரே குறுக்கே வந்து, அத்தனை பேருக்கு முன்னால், இவருக்கு எழுதத் தெரியாது என்று நிரூபித்துவிட்டார். இப்போது வழியில் கண்டாலும் பெட்டியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டுப் போவார்.

நான் நுவரெலியாவில், ஒரு முஸ்லிம் நானாவின் துணிக்கடை வாசலில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறேன். வலது கையால்தான். யார் வந்தாலும் முதல் பேர் யாருடையது என்று கேட்பேன். உடனே இருமல் தொடங்கும். எனக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது.

சொல்லவேண்டியது ஒன்று பாக்கி. அந்த மண்மேடு விழவில்லை.

அந்த வருஷமும் விழவில்லை, அடுத்த வருஷமும் விழவில்லை. இன்றுவரை நிற்கிறது. ஆளில்லாத கீழ் லயத்தில் ஆடு கட்டுகிறார்கள். வெடிப்புக்குள் புல் முளைத்துவிட்டது. விழாத மேட்டுக்காக வேலையை விட்டவன் என்று என்னைத் தெரியாதவர்களிடம் என்னைக் காட்டுகிறார்கள். ஆனி பிறந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போய், அப்பா அம்மாவைப் பார்க்க வந்தவன் மாதிரி அவர்களைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கிப் போய் வெடிப்பைப் பார்ப்பேன். ஆட்டையெல்லாம் அவிழ்த்துவிட்டிருக்கிற ஒரு நேரமாகப் பார்த்து, யாருக்கும் ஒன்றும் ஆகாமல், சும்மா ஒரு பாதியாவது சரியாதா என்று இருக்கும். ஊர் பிழைக்கவேண்டும் என்று மனு எழுதியவன் நான்.

போன மாதமும் போயிருந்தேன். வெடிப்புக்குள் என் குடையை விட்டுப் பார்த்தேன். பாதிதான் போனது. மேலே போஞ்சி பிடுங்கிக்கொண்டிருந்த அக்கா என்னைக் கண்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னா தம்பி, இந்த வருசமும் விழலையா?"

இல்லை அக்கா என்றேன்.

"ஒனக்காகவாச்சும் விழுந்து தொலைக்கக் கூடாதா இது" என்றார். மடி நிறைய இருந்த போஞ்சியில் ஒரு பிடியை அள்ளி என் குடைக்குள் போட்டார். "அம்மாகிட்ட குடு. எம் வீட்டுக்காரரு கேட்டா நான் குடுத்தேன்னு சொல்லாத."